பாஸ்டர் யாரிடம் சொல்வார்?

ஜெபம் வற்றிப்போன ஒரு பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறலாமா? கடவுள் கேட்கிறாரா என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. ஆனால் எட்டரைக்கு ஆராதனை. அன்றைக்குத் திருவிருந்தும் உண்டு.

நம் தலைமுறையிடம் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்: "நேர்மையா சொல்லிட்டு இறங்கிடணும். உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னா அது போலி." எனக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் இது ரொம்பப் பழைய கேள்வி. திருச்சபை இதற்காக நூறு வருடம் அடித்துக்கொண்டிருக்கிறது.

கி.பி. 303இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகங்களைப் பறித்து எரிக்க உத்தரவிட்டார். வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் உயிருக்குப் பயந்து புத்தகங்களைக் கொடுத்துவிட்டார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. அப்படிக் கொடுத்துவிட்டவர் செய்த அபிஷேகம் செல்லுமா? அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாது என்றார்கள், தொனாத்தஸ் என்ற ஆயரின் பின்னால் திரண்டவர்கள். கறைபட்ட கையிலிருந்து பரிசுத்தம் எப்படி வரும் என்பது அவர்கள் வாதம். பல பத்தாண்டுகள் கழித்து ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் மறுத்தார். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து. குருவானவர் வெறும் கை. கையின் யோக்கியதையை வைத்து அருளை அளக்க முடியாது. 411இல் கார்த்தேஜில் நடந்த மாநாட்டில் தீர்ப்பு அகஸ்டின் தரப்புக்கே சாதகமாக வந்தது.

அகஸ்டின் இங்கே காப்பாற்றியது குருவை அல்ல, சபையை. சாகக் கிடக்கும் ஒரு பாட்டி, தனக்குத் திருவிருந்து கொடுத்த ஐயரின் மனசு அன்று எப்படி இருந்தது என்று கவலைப்பட வேண்டியதில்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், வாக்குறுதி இன்டர்ஃபேஸில் இருக்கிறது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பயனர் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

இதையே சாக்காக வைத்து யாரும் தப்பிக்க முடியாது. இங்கிலாந்துத் திருச்சபை 1571இல் முடிவு செய்த 39 கொள்கைகளில் 26ஆவது, அகஸ்டினின் கருத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு பின்பாதி உண்டு: கெட்ட ஊழியரை விசாரிக்கணும், குற்றம் நிரூபணமானால் பதவியிலிருந்து நீக்கணும். காணிக்கையில் கை வைத்தவரும், ஆலோசனை கேட்டு வந்தவரிடம் அத்துமீறியவரும் அங்கிக்குள் ஒளிந்துகொள்ள வழியில்லை.

ஆக, குற்றத்துக்கு விசாரணை இருக்கிறது. சந்தேகம் குற்றமில்லையே, அதற்கு என்ன இருக்கிறது?

இங்மர் பெர்க்மன் ஒரு லூத்தரன் போதகரின் மகன். 1963இல் வந்த அவருடைய 'விண்டர் லைட்' படத்தில் தோமாஸ் என்ற போதகரிடம் யோனாஸ் என்ற மீனவர் வருகிறார். சீனாவிடம் அணுகுண்டு வந்துவிடும் என்ற பயத்தில் அவருக்கு வாழவே பிடிக்கவில்லை. தோமாஸ் ஆறுதல் சொல்லப் பார்க்கிறார், முடியவில்லை. மெல்ல மெல்லத் தன்னுடைய அவிசுவாசத்தையே அவரிடம் கொட்ட ஆரம்பிக்கிறார். யோனாஸ் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் அவர் சுட்டுக்கொண்டு செத்துப்போன செய்தி வருகிறது. தோமாஸ் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கேட்க வேண்டிய ஆள்தான் யோனாஸ் இல்லை. தாங்க முடியாமல் வந்தவன் தலையில் தன் பாரத்தையும் இறக்கிவைப்பதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஸ்பானிய எழுத்தாளர் உனாமுனோ 1931இல் வெளியிட்ட 'சான் மானுவேல் புவேனோ, மார்ட்டிர்' குறுநாவலில் இதற்கு நேரெதிரான பாதிரியார். தோன் மானுவேலுக்கு மறுமையில் நம்பிக்கை கிடையாது. ஊர் நிம்மதியாக இருக்கணும் என்பதற்காக அதை மறைத்தே வாழ்கிறார். ஊர் அவரைப் புனிதராகவே கொண்டாடுகிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த ஆஞ்செலா என்ற பெண்ணிடம் ஒரு நாள் அவரே பாவமன்னிப்புக் கேட்கிறார். அவளும் கொடுக்கிறாள். எல்லாரையும் மன்னிக்கும் அதிகாரம் உள்ளவர், தன்னை மன்னிக்க ஆள் தேடி அந்த இளம்பெண்ணிடம் வந்து நிற்கிறார்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன் மரபும் ஒரு பங்கு. கிராமப்புறச் சேகரம் ஒன்றின் பாஸ்டருக்குப் பல ஊர்க் கோயில்கள். காலையில் சாவு வீடு, மாலையில் நிச்சயதார்த்தம். இரண்டு இடத்திலும் அதற்கேற்ற முகம் வேணும். அசனத்துக்குக் கணக்குப் பார்க்கணும், கமிட்டிச் சண்டையைத் தீர்க்கணும். திருமண்டலத் தேர்தல் வந்தால் "ஐயர் எந்த அணி?" என்று ஊரே கூட்டிக் கழிக்கும். குடியிருக்கும் குருமனைகூடச் சபையுடையது. ஐயரம்மா என்ன சேலை கட்டுகிறார் என்பதுவரை கவனிக்கப்படும்.

இவருக்கு ஜெபம் வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வார்? சபையாரிடம் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்குள் ஊர் முழுக்கத் தெரியும். சக பாஸ்டரிடம் சொல்லலாம், ஆனால் அவரும் ஏதோ ஓர் அணியில் இருப்பார். பேராயரிடம் சொல்லலாம், மாற்றல் உத்தரவும் அதே கையிலிருந்துதான் வரும். அப்ரைசல் போடும் மேனேஜரிடம் "எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை போயிடுச்சு" என்று யார் சொல்வார்கள்? கத்தோலிக்கக் குருவாவது இன்னொரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். கேட்டவர் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது கடுமையான சட்டம். தனி அறிக்கையை லூத்தர் மதித்தார், விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனாலும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் அது காலப்போக்கில் தேய்ந்துபோனது.

என் பதில் இதுதான். அந்த ஞாயிறு அவர் பீடத்தில் ஏறலாம். தன்னிடம் இருக்கும் விசுவாசத்தின் அளவைப் பந்தியில் பரிமாறுவதாக அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பிரசங்கத்தில் தனக்கு இல்லாத நிச்சயத்தை நடிக்காமல் இருந்தால் போதும், அது போலியாகாது. சங்கீதங்களிலேயே கடவுள் எங்கே போனார் என்று புலம்பும் குரல்கள் இருக்கின்றன. அவற்றை வாசிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ஆனால் திங்கள்கிழமை அவர் பேச ஓர் ஆள் வேண்டும். மாற்றல் போட முடியாத, ஓட்டுக் கேட்காத, கேட்டதை வெளியே சொல்லாத ஆள். வேறு திருமண்டலத்தில் ஓய்வுபெற்ற ஒரு குருவானவர்கூடப் போதும். அப்படி ஓர் ஆளைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்று பாஸ்டரின் தலையிலேயே விடுவது நியாயமில்லை. ஏற்பாடு செய்ய வேண்டியது திருச்சபை. கையின் கறை அருளைத் தடுக்காது என்று அகஸ்டின் சொன்னதை ஏற்று ஆயிரத்து அறுநூறு வருடமாகிறது. அந்தக் கை வலிக்கும்போது யார் பார்ப்பது என்பதையும் இனியாவது பேசலாம்.