ஊன்றுகோலை ஈடு வைக்கலாமா?

தமிழில் 'கடன்' என்னும் சொல் இருபொருள் தருவது. பிறரிடம் வாங்கித் திருப்ப வேண்டிய பொருளும் கடன். ஒருவன் ஆற்றியே தீர வேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம். யாருக்கு எதை முதலில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி ஒவ்வொரு கடனுக்குள்ளும் பொதிந்து கிடக்கிறது. உடற்குறையுடைய ஒருவர், அக்குறைக்காக அரசு தரும் உதவித்தொகையைக் காட்டி வீட்டுக் கடன் வாங்க முற்படும்போது, இக்கேள்வி மிகவும் கூர்மை பெற்றுவிடுகிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். நம் மக்களிலும் சிலர் குடியேறி வாழும் நாடு அது. அங்கே உழைக்கும் வயதில் உள்ள, உடலிலோ மனத்திலோ நீடித்த குறைபாடுடையோர்க்கு 2013 முதல் 'பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்' என்னும் உதவித்தொகை வழங்கப்பட்டு வருகிறது. (ஸ்காட்லாந்து 2022 முதல் தனக்கென வேறொரு தொகையை ஏற்படுத்திக்கொண்டது.) இத்தொகையின் இயல்பை நாம் நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். இஃது இழந்த சம்பளத்துக்கு ஈடன்று. வேலை பார்ப்பவருக்கும் உண்டு, பார்க்காதவருக்கும் உண்டு. சேமிப்பு உள்ளவரா, இல்லாதவரா என்று கேட்பதுமில்லை. வருமான வரியும் இதற்கு இல்லை. மற்றவர் நடந்து போகும் இடத்துக்கு வாடகைக் காரில் போக வேண்டியிருக்கிறதே, மற்றவர் தாங்கிக்கொள்ளும் குளிருக்கு நாள் முழுதும் வீட்டைச் சூடாக்க வேண்டியிருக்கிறதே, குளிக்கவும் உடுத்தவும் ஒரு துணை வேண்டியிருக்கிறதே, அந்த அதிகப்படிச் செலவுக்காகத் தரப்படும் பணம் இது. ஊன்றுகோலுக்கான பணம் என்று சொன்னால் தவறாகாது.

கடன் தருவோரின் ஏட்டில் இதே பணம் வேறு உருவம் கொள்கிறது. அங்குள்ள நிறுவனங்களுள் பல இதனை வருமானமாகவே ஏற்கின்றன; சில முழுமையாக, சில ஒரு பகுதியை மட்டும். ஆண்டு வருமானத்தைப் போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு வரை கடன் தருவது அங்குப் பரவலான வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் சம்பளம் ஆண்டுக்கு 24,000 பவுன். உதவித்தொகை 5,000 பவுன் என்க. உதவித்தொகையைச் சேர்த்ததனால் மட்டும் அவர் வாங்கக்கூடிய கடன் 22,500 பவுன் உயர்கிறது. அவருக்கு ஏற்கெனவே கடன் அட்டைக்கும் கார்த் தவணைக்குமாக மாதம் 200 பவுன் போகிறதென்றால், அந்த 2,400 பவுனை வருமானத்தில் கழித்துவிட்டுப் பெருக்குவோரும் உளர். அப்போது 10,800 பவுன் குறையும். கூட்டிக் கழித்தால் அவருக்கு ஆதாயமே. ஆனால் நடந்திருப்பது என்ன? மருத்துவமனைக்குப் போகும் வாடகைக் காருக்காக வந்த பணம், பழைய கடன் வெட்டிய பள்ளத்தை ஏட்டிலே நிரப்பியிருக்கிறது. ஏடு நேராகிவிட்டது, மருத்துவமனைக்குப் போகும் வழிதான் அடைபட்டுப்போயிற்று.

இவ்வாறு சொல்வதனால், இத்தகையோர்க்குக் கடனே தரலாகாது என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவருக்குச் சேவை மறுப்பதை 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. அது நியாயமான சட்டம். மேலும், வாடகை வீட்டில் வாழ்வோர் படும் பாட்டையும் நினைக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழையக் கதவை அகலப்படுத்த வேண்டும், படியை இடித்துச் சரிவு அமைக்க வேண்டும், குளியலறையை மாற்ற வேண்டும். இதற்கென இங்கிலாந்தில் 30,000 பவுன் வரை மானியம் பெற வழியுண்டு. ஆயினும் வீட்டுக்காரர் சம்மதியாமல் வாடகைக்கு இருப்பவர் ஒரு செங்கல்லையும் பெயர்க்க முடியாது. சம்மதித்தாலும் குத்தகை முடிந்தபின் வெளியேற நேரலாம். ஆகவே சொந்த வீடு என்பது இவர்களுக்கு ஆடம்பரமன்று. சில வேளைகளில் அதுவே பெரிய ஊன்றுகோல். வாடகைக்குப் போகும் பணம் தவணைக்குப் போனால் என்ன என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கவே செய்கிறது.

ஆனால் வாடகைக்கும் தவணைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டுக் கடனுக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயுள். உதவித்தொகைக்கு அவ்வளவு ஆயுள் எவரும் உறுதி சொல்வதில்லை. அது பெரும்பாலும் குறித்த காலத்துக்கு வழங்கப்படுவது. மறு ஆய்வில் குறையலாம், நின்றும் போகலாம். 2025 மார்ச்சில் தகுதி விதிகளை இறுக்கப்போவதாக அரசு அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே, ஜூலையில் அப்பகுதியை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டது. அந்த நான்கு மாதங்கள் எத்தனை குடும்பங்கள் தூக்கமின்றிக் கழித்திருக்கும்!

பழைய கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன்பட்டவனை ஊதாரி என்று பார்ப்பது உலக வழக்கம். நோய் வந்து சம்பளம் நின்ற மாதங்களில் அட்டையைத் தேய்த்துச் சோறு உண்டவனை எப்படி ஊதாரி என்பது? ஆனால் கடன் வரலாற்று ஏடு காரணத்தை எழுதுவதில்லை. தவறிய கடனை மட்டும் ஆறு ஆண்டுகள் வரை சுமந்து திரிகிறது. கடனாளி நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடுக்குமாறு திருக்குர்ஆன் பணிப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் கடனாளிக்கு 60 நாள் அவகாசம் அளிக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அந்நாள்களில் அதில் அடங்கும் கடன்களுக்குப் பெரும்பாலும் வட்டியும் அபராதமும் ஏறா. வசூல் நடவடிக்கையும் நிற்கும். நல்ல செயல் எங்கிருந்து வந்தாலும் பாராட்டத்தான் வேண்டும்.

அதே அரசு வேறொன்றும் செய்தது. வருமானம் இழந்து உதவித்தொகையில் வாழ்வோரின் வீட்டுக் கடன் வட்டிக்கு அரசு தந்துவந்த உதவி, 2018 ஏப்ரல் வரை திருப்பத் தேவையில்லாத உதவியாக இருந்தது. அதன்பின் அது கடனாக்கப்பட்டு, வீட்டின் மீதே பொறுப்பாக ஏற்றப்படுகிறது. வீட்டை விற்கும்போது வட்டியோடு திருப்ப வேண்டும். அதற்கும் 200,000 பவுன் வரையிலான கடன்தான் கணக்கு. கை கொடுத்தவரே கை நீட்டும் நிலை இது. வீடு வாங்கும்போதே இதை அறிந்திருப்பவர் சிலரே.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம்மவர், 2003-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இரட்டை முத்திரை வரியை நீக்கிய பின் பரவிய கூட்டுடைமை முறையை நாடுகின்றனர். மார்க்கக் கேள்விக்கு அது விடையாகலாம். நாம் இங்கே எழுப்பும் கேள்விக்கு ஆகாது. அங்கும் வருமானத்தையும் பழைய கடன்களையும் இதே தராசில்தான் நிறுக்கிறார்கள்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? 'எவ்வளவு தருவீர்கள்?' என்று கடன் தருவோரிடம் கேட்பதற்கு முன்பே வீட்டில் ஒரு கணக்கு எழுதப்பட வேண்டும் என்பது நம் எண்ணம். அந்த உடலுக்கு மாதம் என்ன செலவாகிறது? காருக்கு, துணைக்கு, வெப்பத்துக்கு, மருந்துக்கு என்று ஒவ்வொன்றாக. அதன்பின் பழைய கடன்காரரின் பங்கு. இவ்விரண்டும் போக உதவித்தொகையில் எஞ்சுவது உண்டென்றால் அதைப் புதுக் கடனுக்குக் காட்டுவதில் குறையில்லை. எஞ்சவில்லையென்றால், அத்தொகையைச் சேர்க்காமலே கணக்குப் பார்க்கும்படி தரகரிடம் சொல்லலாம். அப்போது கிடைக்கும் கடன் சிறுத்துப்போகும். வீடும் ஓர் அறை குறைந்ததாக இருக்கும். கதவு மட்டும் அகலமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.