கருவியின் தாங்குதிறனும் செய்பவரின் பொறுப்பும்

நட்டைக் கழற்றும் சாக்கெட்டில் இரண்டு வகை உண்டு. கையால் திருப்பும் ராட்செட்டுக்கு ஒன்று, இம்பாக்ட் கன் எனப்படும் இம்பாக்ட் ரெஞ்சுக்கு மற்றொன்று. கைச் சாக்கெட் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகில் செய்யப்படுவது. கடினமானது, சுவர் மெல்லியது, குரோமியப் பூச்சால் பளபளப்பது. இம்பாக்ட் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் குரோம் மாலிப்டினம் எஃகு. சுவர் தடித்தது, நிறம் கறுப்பு, கடினத்தன்மை சற்றுக் குறைவு. ஆனால் அடியை உள்வாங்கி உடையாமல் தாங்கும்.

இம்பாக்ட் ரெஞ்ச் சீராகத் திருகும் கருவி அன்று. அதனுள் சுழலும் சுத்தியல் நொடிக்குப் பலமுறை அடித்து அடித்தே நட்டைத் திருப்புகிறது. அந்த அதிர்ச்சி கைச் சாக்கெட்டின் மூலைகளில் நுண்ணிய விரிசலைக் கிளப்பும். விரிசல் அடிக்கு அடி வளர்ந்து, முன்னறிவிப்பின்றி ஒருநாள் சில்லுகளாகத் தெறிக்கும். கண்ணுக்குத்தான் பெரிய ஆபத்து.

நீலகிரியில் இந்த வேறுபாட்டுக்குக் கூடுதல் கனம் உண்டு. பச்சைத் தேயிலை ஏற்றும் லாரிகளின் வீல் நட்டுகள் மழையிலும் பனிமூட்டத்திலும் துருவேறி இறுகுகின்றன. கை வலுவுக்கு அசையாத நட்டுக்குத்தான் இம்பாக்ட் கன் வருகிறது. அரை அங்குலச் சதுர முனை இரு வகைக்கும் பொது என்பதால், கைச் சாக்கெட்டும் அதில் தடையின்றி மாட்டிக்கொள்ளும். இரும்பு தடுக்காத இடத்தில் அறிவு மட்டுமே தடுக்க முடியும். அறக்கேள்வி எழுவதும் இங்கேதான்: நூறு முறை மாட்டியும் ஒன்றும் உடையவில்லை என்றால், அதில் குற்றம் உண்டா?

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் அரசனுக்குச் சொல்லப்பட்டது. ஆனாலும் மயிலிறகை அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அது காட்டும் உவமை பட்டறைக்கு நேராகவே பொருந்துகிறது. முறித்தது கடைசி இறகு அன்று. முன் ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் அதில் பங்குண்டு. உடையாத நூறு முறையும் உடைந்த அந்த ஒரு முறையின் பகுதிகளே.

அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் நேகல், 1970களில் எழுதிய கட்டுரையில், பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி ஓட்டுபவரை எடுத்துக்கொள்கிறார். குறுக்கே குழந்தை வந்தால் அவர் ஓர் உயிரைப் பறித்தவர். வராவிட்டால் வெறும் கவனக்குறைவாளர். இரண்டு நிலையிலும் அலட்சியம் ஒன்றே, வேறுபட்டது தற்செயல் மட்டுமே. குன்னூர் மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. விளைவு வரும்வரை குற்றத்தைக் குற்றமென எண்ணாத பழக்கம் பட்டறையில் மிக ஆபத்தானது. தெரிந்தே தவறான சாக்கெட்டை மாட்டிய கணத்திலேயே குற்றம் முழுமையடைந்துவிடுகிறது.

குற்றம் யாருடையது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம் செயலுக்கு ஐந்து காரணங்களை எண்ணுகிறது: நிலைக்களம், செய்பவர், கருவி, பலவகை முயற்சி, தெய்வம். சாக்கெட் தெறித்ததும் ஐந்தாவதைச் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. மூன்றாவதை யார் தேர்ந்தெடுத்தார் என்று கேட்பதே நேர்மை. இம்பாக்ட் கன்னைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் வேலை பழகும் இளைஞர். கறுப்புச் சாக்கெட் செட்டுக்குப் பணம் தர வேண்டியவர் உரிமையாளர். தன்னை மட்டுமே கர்த்தா எனக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்று அதே அத்தியாயம் சொல்வதை, பழி முழுவதையும் கடைசியாகத் தொட்ட கையின் மேல் சுமத்துவோருக்கும் சொல்லலாம்.

ஆயுத பூஜையன்று கருவிகள் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டு, ஓய்வில் வைக்கப்படுகின்றன. கருவி வெறும் பொருளன்று, அதற்கும் மரியாதை உண்டு என்பது அந்த வழிபாட்டின் உட்பொருள் எனில், அதன் தாங்கும் எல்லையை ஆண்டு முழுவதும் மதிப்பதும் வழிபாட்டில் சேரும்.

எல்லா மாற்றுப் பயன்பாடும் தவறாகிவிடாது. இம்பாக்ட் சாக்கெட்டைக் கையால் திருப்பலாம். தடித்த சுவர் குறுகிய குழிக்குள் நுழையாது என்பதே சிக்கல். ஆனால் இம்பாக்ட் கன்னின் அடி வாங்கிய கைச் சாக்கெட்டைத் துடைத்து மீண்டும் பெட்டியில் வைப்பவர், வெளியே தெரியாத விரிசலை அடுத்து எடுப்பவரிடம் ஒப்படைக்கிறார். அதைத் தனியே ஒதுக்கிவிடுவதும் அதே பொறுப்பில் அடங்கும்.