ஞானிக்குக் கோயில் எதற்கு?

மெய்கண்டார் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. சிவஞானபோதத்தில் மொத்தம் 12 நூற்பா. பதினொன்றுக்குள் உயிரைப் படிப்படியாக ஏற்றி இறைவன் திருவடியில் சேர்த்துவிடுகிறார். பிறகு பன்னிரண்டாவதில், அப்படிச் சேர்ந்தவனையே அடியாரோடு கூடியிரு, அவர்கள் திருவேடத்தையும் கோயிலையும் சிவனென்றே தொழு என்கிறார். சேர்ந்தாயிற்றே, இனி என்ன தொழுகை? சித்தாந்த வகுப்பில் ஐயா சொன்ன விடை, வாசனாமலம். விட்ட பழக்கம் மறுபடி தலைதூக்கும் என்று பொருள். எனக்கு அது போதவில்லை. தொலைபேசித் துறையில் கிளாக் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். விடை அந்தக் கிளாக் அறையிலேயே இருந்தது.

இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் பேசிக்கொள்ள இரண்டும் ஒரே வேகத்தில் துடிக்க வேண்டும். ஒரு ஃப்ரேம் 125 மைக்ரோ விநாடி. துடிப்பு விலக விலக, ஒரு கட்டத்தில் ஒரு ஃப்ரேம் முழுதாகத் தொலையும், அல்லது இரண்டு முறை வரும். நாங்கள் ஸ்லிப் என்போம். பேச்சில் ஒரு 'டிக்', ஃபேக்ஸில் ஒரு வரி நாசம். இரு பக்கமும் சீசியம் அணுக்கடிகாரத் தரத்தில் ஓடினால் ஸ்லிப் 70 நாளுக்கு ஒன்றுக்கு மேல் வராது. ஊர்தோறும் சீசியம் வைக்கக் கட்டுப்படியாகுமா? சூடு மாறாத சிறு ஓவனுக்குள் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைத்து, மேலிருந்து வரும் ரெஃபரன்சோடு லாக் செய்துவிடுவோம்.

ரெஃபரன்ஸ் அறுந்தால் கார்டு 'ஹோல்டோவர்' காட்டும். லாக்கில் இருந்த காலமெல்லாம், இந்தக் கிரிஸ்டல் தன்போக்கில் எவ்வளவு விலகும், இழுத்துப் பிடிக்க எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று கருவி குறித்துக்கொண்டே வந்திருக்கும். அறுந்ததும் அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். மாஸ்டர் கார்டு பழுதாகி ஸ்டாண்ட்பை ஏறினாலும் அப்படித்தான்: ஃபேஸ் ஏற்கெனவே பொருந்தியிருப்பதால் கீழே உள்ள கருவிகளுக்கு மாறியதே தெரியாது.

இங்கே ஒரு பௌத்தர் குறுக்கிடுவார். துடித்த பொருள் மாறிவிட்டது, துடிப்புதானே தொடர்கிறது, தனியே உயிர் எதற்கு? மன்னன் மிலிந்தனுக்குத் துறவி நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டிச் சொன்னதும் இதையே. கீழே உள்ள கருவிக்கு அவர் சொல்வது சரி. கிளாக் அறையில் நிற்பவனுக்கு ஒப்பாது. இந்தக் கிரிஸ்டலின் விலகல் வேறு, அடுத்த ரேக்கில் இருப்பதன் விலகல் வேறு. லாக் ஆன பின்னும் அது போவதில்லை. கணந்தோறும் திருத்தப்படுவதால் வெளியே தெரியாது, அவ்வளவே. உயிரின் ஆணவ மலம் முத்தியிலும் அழியாது, வலி மட்டும் இழக்கும் என்று சித்தாந்தம் சொல்வதை நான் கருவித் திரையில் பார்த்திருக்கிறேன். சித்தாந்திகள் உயிருக்குச் சொன்ன உவமையும் படிகம்தான். சார்ந்ததன் நிறத்தைக் காட்டும் கல். குவார்ட்ஸும் அதுவே. அவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், நாங்கள் துடிப்பை.

நல்ல கிரிஸ்டலானால் முதல் சில மணி நேரம் ஹோல்டோவரையும் லாக்கையும் பிரித்தறிவது கடினம். அப்புறம் ஏசி நிற்கும், கிரிஸ்டலுக்கு வயதேறும், கையிலிருக்கும் திருத்தம் பழசாகும். அதைக் கிரிஸ்டல் தானாக அறிய வழியே இல்லை. விலகியவனுக்குத் தன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஞானி கோயிலுக்குப் போவது சிவனை நினைவுபடுத்திக்கொள்ள அல்ல, தன்னை ஒப்பிட்டுப் பார்க்க.

ரெஃபரன்சே கெட்டால்? ஜிபிஎஸ் நேரத்தையே ரெஃபரன்சாக எடுப்பவர்கள் உண்டு. 2016 ஜனவரி 26 அன்று பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து விலக்கினார்கள். அதையொட்டி மற்றப் பல செயற்கைக்கோள்கள் 13 மைக்ரோ விநாடி பிசகிய தகவலை மணிக்கணக்கில் அனுப்பின. பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் அலறின. இவ்வளவு தூரம் ரெஃபரன்ஸ் திடீரெனத் தாவ வாய்ப்பில்லையே என்று தன் ஆசிலேட்டரோடு ஒப்பிட்டு மறுக்கத் தெரிந்த கருவியே இப்படிப்பட்ட நாளில் தப்பும். ஒன்றுக்கு இரண்டாக ரெஃபரன்ஸ் இழுத்து வைப்பதும் இதற்காகத்தான். மெய்கண்டார் ஒரு குருவோடு நிறுத்தாமல் அடியார் கூட்டத்தையும் சேர்த்தது ஏனென்று எனக்கு இப்போது புரிகிறது. போலிச் சாமியாரிடம் ஏமாந்தவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஒற்றை இணைப்பில் ஓடியவர்கள்.

ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கிரிஸ்டல் எத்தனை வருஷம் லாக்ல இருந்தா சீசியமா மாறும்?" என்றார்.

"என்றைக்கும் மாறாதுங்க ஐயா."

"அப்போ சரி. வேதாந்தியாகிடலை. அடுத்த பாடத்துக்குப் போகலாம்."