மலையில் கூலி, கீழே வீடு: முறையீடு எங்கே?

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள். வேலை கேரளத்தில், ரேஷன் அட்டை, வாக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தமிழ்நாட்டில். கூலி பாக்கி நின்றுபோனாலோ, நாளை முதல் வரவேண்டாம் என்று திடீரென்று சொல்லிவிட்டாலோ, இவர்களுக்கு நியாயம் செய்யக் கடமைப்பட்ட அரசு எது?

சட்டம் தரும் விடை சுருக்கமானது: வேலை நடந்த இடத்து அரசு. தொழிலாளர் நலமும் தொழில் தகராறும் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றலாம். ஆனால் தோட்டத் தகராறைச் சமரசத்துக்கு எடுப்பவர் மாநில அரசின் அதிகாரி. ஏலத்தோட்டங்கள் உள்ள இடுக்கி மாவட்டத்தில் நடந்த வேலைக்கு, இவர்கள் குடியிருக்கும் தேனி மாவட்டத்தின் தொழிலாளர் அலுவலர் சம்மன் அனுப்ப முடியாது. இடுக்கி அதிகாரியால் முடியும். அவரிடம் போக ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், பஸ் செலவு செய்ய வேண்டும், மலையாளத்தில் மனு எழுதித் தர ஆள் பிடிக்க வேண்டும். நின்றுபோனது நான்கைந்து நாள் கூலி என்றால் எவர் போவார்? உரிமையின் மதிப்பைவிட அதைக் கேட்கும் செலவு பெரிதாக இருக்கும்போது, உரிமை ஏட்டில் இருக்கிறது என்று சமாதானம் சொல்வது அநீதிக்குத் துணைபோவதுதான்.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று கனமானது. கேரளத்துத் தோட்டக் கூலி உயர்ந்தது தானாக அல்ல. தோட்ட அதிபர்களும் சங்கங்களும் அரசும் சேர்ந்து உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழுவில், அங்குள்ள சங்கங்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டி வாங்கிய கூலி அது. சங்கத்தில் சேராமல், சந்தா கட்டாமல், அதன் பலனை மட்டும் வாங்கிக்கொண்டு மலையிறங்குபவர், அந்த அமைப்பு தன்னைக் கவனிக்கவில்லை என்று குறைப்படலாமா? நேர்மையான கேள்வி. இந்தக் கடனை மறைப்பது சரியல்ல.

ஆனால் சந்தா கட்டியவர்களின் கதை என்ன? 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதற்காகத் தெருவுக்கு வந்தார்கள். சங்கங்கள் தங்களுக்காகப் பேசவில்லை என்று சொல்லித் தலைவர்களையும் தள்ளி நிற்க வைத்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற அவர்களது அமைப்பின் பெயர் அப்போதுதான் நாடெங்கும் தெரிந்தது. ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் திரும்பி வந்தது. அடுத்த மாதம் தோட்டத் தொழிலாளர் குழு தேயிலைக்கு 301 ரூபாய், ஏலத்துக்கு 330 ரூபாய் என்று நாள்கூலியை உயர்த்தியது. பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டதைக் காப்பது தொழிலாளிக்கும் கடமைதான்; அது இல்லாவிட்டால் நாளைக்கு எந்த முதலாளியும் மேசைக்கு வரமாட்டார். எனினும் யாருடைய பெயரால் பேசப்பட்டதோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காத ஏற்பாடு, அவர்களை எந்த நியாயத்தில் கட்டும்?

அந்தப் பெண்களுக்குத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் இருந்தன. ஒரே வரிசையில் குடியிருந்ததால் கூட முடிந்தது. ஜீப்பில் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று. ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமோ பொதுவாக 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களையே கணக்கில் எடுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு, பல சங்கங்கள் உள்ள இடத்தில் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கிறது. பதிவேட்டில் பெயரே ஏறாதவர் இந்தக் கணக்கில் எங்கே வருவார்?

ஏலக்காய்க்கு இந்தத் திண்டாட்டம் இல்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிறது, தமிழ்நாட்டுப் போடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன காய், எல்லையின் எந்தப் பக்கம் விற்றாலும் விற்றவருக்குப் பணம் வந்து சேர ஒரு முறை உண்டு. அந்தக் காயை எடுத்த கைக்கு மட்டும் மாநில எல்லை குறுக்கே நிற்கிறது. இதில் மனம் ஆறாத ஒன்று உண்டு: இடுக்கியில் தோட்டம் வைத்திருப்பவர்களில் போடி, கம்பத்துக் குடும்பங்களும் இருக்கின்றன. முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊரில் குடியிருந்தாலும் தகராறு மலைமேல்தான் இருப்பதாகச் சட்டம் நினைக்கிறது.

எல்லாச் சட்டமும் இப்படி நினைக்கவில்லை. வேலையில் அடிபட்டவருக்கான 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் 1995இல் திருத்தப்பட்டு, விபத்து எங்கே நடந்தாலும் தொழிலாளி குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றாயிற்று. மோட்டார் வாகனச் சட்டமும் அவ்வாறே; மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால் தேனித் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம். கால் முறிந்தவரை மலையேறி வரச் சொல்வது கொடுமை என்று உணர்ந்த சட்டம், கூலி பறிபோனவரை மட்டும் ஏறி வரச் சொல்வது ஏன்? தினமும் எல்லை தாண்டிப் போய்த் திரும்பும் தொழிலாளர்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் தனி வகையாகவே அங்கீகரித்து, வேலை நாட்டிலும் வீட்டு நாட்டிலும் மருத்துவம் பெற வழி செய்திருக்கின்றன. அவை வெவ்வேறு நாடுகள். இவை ஒரே நாட்டின் அடுத்தடுத்த மாவட்டங்கள்.

மாநிலங்கள் சண்டையிட்டபோது முதல் அடி இவர்களுக்குத்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்த நாட்களில் குமுளியும் கம்பம்மெட்டும் அடைபட்டன. தோட்டங்களிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் பயந்து தேனிக்கு இறங்கி வந்தன. அணைக்காகப் பேச இரண்டு அரசுகளுக்கும் உச்ச நீதிமன்றம் இருந்தது. இழந்த கூலிக்காகப் பேச இவர்களுக்கு ஒரு மேசைகூட இல்லை.

வேலை வாங்கிய மண்ணுக்குத் தீர்த்துவைக்கும் கடமை உண்டு. குடியிருக்கும் மண்ணுக்கு முறையீட்டை வாங்கிக்கொள்ளும் கடமை உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்று நழுவ முடியாது. கம்பத்தில் மாதத்தில் குறித்த நாட்களில் இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து மனு வாங்கலாம். இடுக்கி அதிகாரி அங்கேயே உத்தரவு போடலாம். ஜீப்பில் ஏறும்போதே பெயரும் தோட்டமும் எழுதிய சீட்டை மேஸ்திரி தரவேண்டும் என்று கட்டாயமாக்கலாம். பதிவேடு இல்லாத குறை பாதி தீரும். உத்தரவை நிறைவேற்ற முடியுமா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. வருவாய்ப் பாக்கியாக வசூலிக்கத்தக்க தொகைக்கு ஒரு மாவட்ட ஆட்சியர் சான்று அனுப்பினால், வேறு மாநிலத்து ஆட்சியர் அதை வசூலித்துத் தர 1890ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் வழி செய்கிறது. கூலிப் பாக்கிக்கான உத்தரவை அப்படியே வசூலிக்க, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் 1950களில் திருத்தப்பட்டதிலிருந்து இடம் கொடுத்து வந்தது; அதன் இடத்தில் வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் அந்த வழி உண்டு. தேனி ஆட்சியருக்கும் இடுக்கி ஆட்சியருக்கும் இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு தலைமைச் செயலகங்களிலிருந்தும் ஒரு கூட்டு உத்தரவு போதும்.