தலைக்கு ஊற்றிக்கொள்ள ஒரு மணி நேரம்

கோலார் தங்கவயலில் ஐம்பதை நெருங்கும் பெண்களிடம் தலைமுடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "இந்த வயசுல தலை எப்படி இருந்தா என்ன?" சொல்லிக்கொண்டே, வறண்டு மினுக்கம் போன முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே சொல்வார்கள்: "மாசம் நின்னதிலேருந்து தேங்கா நாராட்டம் ஆயிடுச்சு." முதலில் சொன்னதில் அலட்சியம், அடுத்ததில் வருத்தம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் பெண்களுக்கு நடுவில்தான் நானும் இந்த வயதுக்கு வந்திருக்கிறேன். வருத்தம் தருகிற ஒன்றைக் கவனித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்று யார் சொன்னது?

உடம்பில் நடப்பது புரியாத விஷயம் ஒன்றும் இல்லை. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேலை நாடுகளைவிட நாலைந்து வருடம் முன்னாலேயே. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு அந்த மாற்றம் படிப்படியாக வருவதில்லை, ஒரேயடியாக வந்து இறங்குகிறது. கர்ப்பப்பை நீக்கத்தில் நாட்டிலேயே முன்னால் நிற்கும் மாநிலங்கள் ஆந்திரமும் தெலங்கானாவும் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் ஊரிலும் நாற்பதுக்கு முன்பே எடுத்துக்கொண்ட பலரை எனக்குத் தெரியும்.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது ஒவ்வொரு முடியும் வளர்கிற காலம் சுருங்குகிறது. புதிதாக முளைப்பது முன்னைவிட மெல்லியதாக வருகிறது. தலைத்தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைகிறது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் இரண்டடிப் பின்னலின் நுனிக்கு ஐந்து வயது. அடியில் இருப்பது ஹார்மோன் குறைந்த பிறகு முளைத்த முடி. நுனியில் இருப்பது அதற்கு முன் முளைத்து, ஐந்து வருட வெயிலையும் சீப்பையும் சோப்பையும் தாங்கிய முடி. இரண்டும் வறண்டிருக்கின்றன, ஆனால் காரணம் வேறு வேறு. இது தெரிந்த பிறகு, என்ன செய்தாலும் ஒரு மாதத்தில் பளபளப்பு திரும்ப வேண்டும் என்ற அவசரம் எனக்குப் போய்விட்டது.

எங்கள் ஊருக்கென்று இருக்கும் தொல்லைகள் தனி. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்படும் வரை, பாறையை மாவாக அரைத்து, பெரும்பாலான காலம் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டினார்கள். அப்படிக் குவிந்தது மூன்று கோடி டன்னுக்கும் மேல். சயனைட் மலை என்று நாங்கள் சொல்லும் அந்த மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் கிளம்பும் பொடி சோற்றுப் பானையிலும் படியும், கொடியில் காயும் துணியிலும் படியும், தலையிலும் படியும். எண்ணெய் வைத்தால் மண் அப்பிக்கொள்கிறது. வைக்காவிட்டால் முடி முறிகிறது. அதனால்தான் இங்கே நிறையப் பேர் எண்ணெயையே விட்டுவிட்டார்கள்.

தண்ணீர் அடுத்தது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்கங்களுக்குத் தண்ணீர் வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே போகும் ஆழ்துளைக் கிணறுகளே சாதாரணம். அந்த ஆழ்துளைத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். துணி சோப்போ குளியல் சோப்போ போட்டுத் தலை அலசினால், அந்த உப்புகளோடு சோப்பு சேர்ந்து கரையாத கசடாகி முடிமேல் படிந்துவிடும். மினுக்கம் போவதற்கு வயது மட்டும் காரணம் என்று நினைத்திருப்போம். பாதிக் காரணம் வாளியில் இருக்கும்.

தூசியையும் தண்ணீரையும்விட நான் அதிகம் யோசிப்பது நேரத்தைப் பற்றி. சுரங்கம் ஓடிய காலத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைன் வீடுகளின் நாள் சுரங்கச் சங்கை வைத்துத்தான் நடந்தது. ஷிப்டு முடிந்து வரும் அப்பாவுக்கு அண்டா நிறைய வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். பிறகு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அம்மாவின் முறை கடைசியில் வரும். அப்போது அடுப்பும் அணைந்திருக்கும், தண்ணீரும் அரை வாளிதான் மிஞ்சும். அவள் அதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததால் அது குறை இல்லை என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

சுரங்கம் மூடிய பிறகு வேலை ரயிலேறி பெங்களூருக்குப் போனது. விடியுமுன் மாரிகுப்பத்தில் வண்டி பிடித்து, பங்காருப்பேட்டை வழியாகப் போய், துணித் தொழிற்சாலையிலோ அலுவலகத் துப்புரவிலோ நின்றுவிட்டு, இருட்டிய பிறகு திரும்பும் பெண்களுக்கு ஈரத் தலையை உலர்த்த ஏது நேரம்? ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறுந்துபோகும்.

கணவனை இழந்தவர்களின் கதை இன்னும் கசப்பு. பாறைச்சரிவிலும் நுரையீரலை அரித்த கல்தூசியிலும் ஆண்களை இழந்த வீடுகள் எங்கள் ஊரில் கொஞ்சமல்ல. பூவை எடுத்தார்கள், பொட்டை எடுத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினால்கூட யாருக்காக என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து சீப்பைத் தொடாமல் இருந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "இந்த வயசுல எதுக்கு" என்று இன்று நாங்களே சொல்லிக்கொள்வதில் அந்தப் பழைய மிரட்டல் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமுடி பிறர் பார்ப்பதற்கு என்று வைத்துக்கொண்டால்தானே, பார்ப்பவர் போனதும் கவனிப்பும் போக வேண்டும்? எண்ணெய் சூடாக உச்சியில் இறங்கும்போது கிடைக்கும் சுகம் எனக்குத்தான் கிடைக்கிறது. சிக்கெடுக்கும்போது வலிப்பதும் எனக்குத்தான்.

எண்ணெயை விட வேண்டியதில்லை, வைக்கும் வேளையை மாற்றினால் போதும் என்பது என் அனுபவம். தலைக்கு ஊற்றிக்கொள்வதற்கு ஒரு மணி நேரம் முன்போ, முதல் நாள் இரவோ, கை பொறுக்கும் சூட்டில் தேங்காய் எண்ணெயை நுனி வரை தடவிவிட்டு, பிறகு அலசிவிட வேண்டும். வெளியே போகும்போது தலையில் எண்ணெய் இருக்காது, தூசியும் அவ்வளவாக ஒட்டாது. 2003-இல் ஆர்த்தி ரேலே, ஆர். பி. மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்று காட்டினார்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கக்கூடியது. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த முடிவு என் கைக்குப் பழகியதோடு ஒத்துப்போகிறது. பொடுகு இருப்பவர்கள் மட்டும் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிட வேண்டாம், அது கூடும்.

உப்புத் தண்ணீரில் சோப்பைவிட ஷாம்பு நல்லது. அது கசடு கட்டாது. குவளைத் தண்ணீரில் கலக்கி, தலைத்தோலுக்கு மட்டும் தேய்த்து, நீளத்துக்கு கண்டிஷனர் போட்டால் சிக்கு பாதியாகும். கடைசி இரண்டு சொம்புக்கு மழைத் தண்ணீரோ, சுத்த நீர் நிலையத்தில் காசு போட்டுப் பிடித்த கேன் தண்ணீரோ இருந்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். குடிக்கிற தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவதா என்று வீட்டில் முணுமுணுப்பு எழலாம். எழட்டும். பிறகு பழைய பருத்திப் புடவைத் துண்டால் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் வயதின் தலையில் போட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் முடி வறளும், இரும்புச்சத்து குறைந்தாலும் கொட்டும். 2019-21 கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் நிற்கும் முன்பான வருடங்களில் அதிக ரத்தப்போக்கு வேறு. அப்படிப்பட்டவர் எந்த எண்ணெய் தேய்த்து என்ன? ரத்தப் பரிசோதனைதான் முதலில். முருங்கைக் கீரையை நம் கோலார் தக்காளியோடு சமைத்தால் அதிலுள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது. விளம்பரத்தில் வரும் பயோட்டின் மாத்திரை அநேகருக்குத் தேவையே இல்லை. தவிர, அது தைராய்டு பரிசோதனையின் அளவுகளைத் தவறாகக் காட்டக்கூடும். சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வகிடு மாதத்துக்கு மாதம் அகலமானால் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வீட்டில் ஒரு சாவுக்கோ பெரிய காய்ச்சலுக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் அது தானாகத் திரும்பும்.

சாயம் போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும் பி.பி.டி. ரசாயனம் கலந்திருக்கும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, ஒவ்வாமை வருகிறதா என்று இரண்டு நாள் பார்த்த பிறகே தலைக்குப் போட வேண்டும். என் வயதுக்காரர்கள் சிலர் இப்போது முடியைத் தோள் வரை வெட்டிக்கொள்கிறார்கள். எங்கள் லைனில் ஒரு பெண்ணின் முடி குட்டையாக இருந்தால் வேண்டுதலா, காய்ச்சலா என்று விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்கு அஞ்சாமல்தான் வெட்டிக்கொண்டார்கள். முறிந்த பழைய நுனி போய்விட்டது, அரை வாளித் தண்ணீரில் அலச முடிகிறது, ரயிலுக்குப் புறப்படும் முன் காய்ந்தும் விடுகிறது. நான் நீளமாகவே வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் முதல் வாளி எனக்கு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.