நாவின் தீர்ப்பு

“எனக்குப் பிடித்திருக்கிறது, இதில் வாதம் எதற்கு?” உணவையும் பானத்தையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஒரு சொல் பேச்சை முடித்து வைத்துவிடுகிறது. சுவை அவரவர் நாவுக்கு உரியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சுவை அவரவருடையது என்பதனால் சுவையைப் பற்றிய தீர்ப்பும் அவரவர் விருப்பம்தானா? பருகும் ஒன்றை ‘நன்று’ என்றோ ‘நன்றன்று’ என்றோ சொல்லும்போது நாம் யாருக்கேனும் பொறுப்புடையவர்களா? சிறிய கேள்விபோல் தோன்றினாலும், இது நம் அன்றாட வாழ்வின் நேர்மையைத் தொடும் கேள்வி.

மதுரையில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. விளக்குத்தூண் பக்கம் சென்றால், ஜிகர்தண்டாவைப் பற்றி ஆளுக்கொரு கருத்தைக் கேட்கலாம். ஒருவருக்குக் கடற்பாசி சேர்த்தால்தான் திருப்தி. மற்றவருக்குப் பாதாம் பிசின். ஒருவர் நன்னாரி மணம் மேலோங்க வேண்டும் என்பார். இன்னொருவர் பாலின் சுவை அதில் மறைந்துவிடக் கூடாது என்பார். பெங்களூரில் சிறு வடிப்பகங்களில் வார்க்கப்படும் பீர் வகைகளைப் பற்றி அங்குள்ள இளைஞர்கள் நிகழ்த்தும் விவாதமும் இத்தகையதே. வறுத்த தானியத்தின் கருகல் மணம் ஒருவருக்கு உகந்தது; ஹாப்ஸ் பூவின் கசப்பு மற்றொருவருக்கு உகந்தது. இவற்றில் எவரும் எவரையும் குறைகூற இடமில்லை.

ஆனால், ஜிகர்தண்டாவில் உள்ள பால் பொறுமையாகச் சுண்டக் காய்ச்சப்பட்டதா, அல்லது மாவு கரைத்துக் கெட்டியாக்கப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். இது விருப்பம் பற்றிய கேள்வியன்று. உண்மை பற்றிய கேள்வி. ‘எனக்குப் பிடிக்கிறது’ என்னும்போது நாம் நம்மைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குச் சாட்சி தேவையில்லை. ‘இது நல்லது’ என்னும்போதோ, நமக்கு வெளியே உள்ள ஒரு பொருளைப் பற்றியும் அதை ஆக்கியவரைப் பற்றியும் பேசுகிறோம். அங்கே நம் சொல் ஒரு சாட்சியமாகிறது. சாட்சியத்தில் கவனமின்மையும் ஒரு குற்றமே.

டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்து மெய்யியலார், 1757-இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், செர்வாண்டிசின் ‘டான் கிஹோத்தே’ நாவலில் வரும் ஒரு கதையை எடுத்துக்காட்டுகிறார். திராட்சை இரசத்தைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்வதில் பேர்பெற்ற இருவரை ஒரு பீப்பாய் இரசத்தைச் சோதிக்க அழைத்தார்கள். இருவருமே நல்ல இரசம்தான் என்றார்கள். ஆனால் ஒருவர், அதில் இரும்பின் சுவை சற்றே இருப்பதாகச் சொன்னார். மற்றவர், தோலின் வாடை இருப்பதாகச் சொன்னார். கேட்டவர்கள் நகைத்தார்கள். பீப்பாய் காலியானபோது, அதன் அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடந்தது! நாவு உணர்ந்தது கற்பனையன்று. பீப்பாயின் அடியில் உண்மை கிடந்தது. கூட்டத்தின் நகைப்பு அந்த உண்மையை அழித்துவிடவில்லை.

நம் சமவெளியின் பீப்பாய் பனைமரத்தில் கட்டிய கலயம்தான். பங்குனி, சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து தெற்கேயும் கிழக்கேயும் செல்லும் சாலைகளில், பனையோலைப் பட்டையில் பதநீர் வார்த்துத் தருவதை நாம் அறிவோம். அந்தப் பதநீரின் பின்னால் உள்ள உழைப்பை எத்தனை பேர் அறிவோம்? பனையேறி நாள் தவறாமல் மரம் ஏறுகிறார். பாளையைப் பக்குவமாக நசுக்கி, அதன் நுனியை மெல்லியதாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்குகிறார். அந்தச் சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே இனிய சாற்றைக் கள்ளாக்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. விரலால் தடவும் சுண்ணாம்பே பதநீரையும் கள்ளையும் பிரிக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு தலைதூக்கும். மிகுந்தால் அதன் காரம் தொண்டையில் நிற்கும். அளவு அறிந்து இடுவது கைப்பழக்கம். அதை அறிந்து பருகுவது நாப்பழக்கம்.

இங்கேதான் நம் கேள்வி கூர்மை அடைகிறது. தண்ணீரும் சர்க்கரையும் சாக்கரினும் கலந்த நீர் பதநீர் என்ற பெயரில் விற்கப்படுவதும், வெள்ளைச் சர்க்கரை கலந்த பாகு கருப்பட்டி என்ற பெயரில் அச்சில் ஊற்றப்படுவதும் நம் காலத்தில் புதுமையல்ல. வாங்குபவர் நாவுக்கு வேறுபாடு தெரியாதபோது, அல்லது தெரிந்தும் ‘இனித்தால் போதும்’ என்று இருந்துவிடும்போது, என்ன நேர்கிறது? உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறியவருடைய பொருளும், நிழலில் அமர்ந்து கலந்தவருடைய பொருளும் ஒரே விலைக்கு விற்கின்றன. விலையில் போட்டியிட முடியாமல் நேர்மையானவர் மரத்தை விட்டு இறங்கிவிடுகிறார். அவர் மகன் ஏறுவதேயில்லை. நம் அக்கறையற்ற நாவும் அந்த அநீதியில் ஒரு பங்கு பெறுகிறது. ஆகவே சுவை நம் உரிமை. தீர்ப்போ நாம் உழைத்தவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

யோவான் நற்செய்தி சொல்லும் கானா ஊர்த் திருமண நிகழ்ச்சியை இவ்வெளிச்சத்தில் நோக்கினால் ஓர் அரிய நுட்பம் புலப்படுகிறது. தண்ணீர் இரசமாக மாறியதைப் பந்தி மேற்பார்வையாளர் அறியார். எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே சுவைத்தார். முதலில் பரிமாறியதைவிட இதுவே சிறந்தது என்று கண்டார். பெயரையோ விலையையோ பார்த்துச் சொன்ன தீர்ப்பன்று அது. பொருளையே பார்த்துச் சொன்ன நேர்மையான தீர்ப்பு. எனினும், அவர் பாராட்டியது மணமகனை! நாவு தவறவில்லை, நன்றிதான் முகவரி மாறிச் சென்றது. உண்மையை அறிந்தவர்கள், கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பிய பணியாளர்கள் மட்டுமே. நல்லதை நல்லது எனச் சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்பதும் அதில் அடங்கும் என்பதை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால், பானத்தைத் தீர்ப்பிடும் நாவு, வெகு எளிதில் பருகுபவரையும் தீர்ப்பிடத் தொடங்கிவிடுகிறது. ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்று சுவையறியாதவரை இகழ்கிறோம். ‘பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள்’ என்பது நம் முன்னோர் கண்ட மற்றோர் உண்மை. முதற்பழமொழி நம் செருக்கைக் காட்டுகிறது. இரண்டாவது, கலயத்தைச் சுவைக்காமலேயே மனிதரை எடைபோடும் நம் அவசரத்தைக் காட்டுகிறது.

குடியால் குடும்பங்கள் சிதையும் நாட்டில் பானத்தின் சுவையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருந்துவருகிறது; 2003 முதல் மதுபானச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. கள்ளுக்குத் தடையும் சாராய வகைகளுக்குக் கடையும் முறையா என்று பனை விவசாயிகள் வழக்காடி வருகிறார்கள். அவ்வழக்கை இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கூறலாம்: கடை வாசலில் நின்று ஒரே மூச்சில் விழுங்கிச் செல்பவர் எதையும் சுவைப்பதில்லை. அவர் தேடுவது பானத்தையன்று, மறதியை. சுவைப்பதற்கு விழிப்பு வேண்டும். போதையோ விழிப்பைத்தான் முதலில் பறிக்கிறது. அத்தகையவருக்குத் தேவை நம் ஏளனமன்று. அவர் எதை மறக்க விரும்புகிறார் என்று கேட்கும் ஒரு செவி.

‘இது நல்லது’ என்று தீர்ப்பளித்த பின்னும், ‘எவ்வளவு? யாருக்காக?’ என்ற கேள்விகள் எஞ்சுகின்றன. பெல்ஜியம் நாட்டில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்னும் சிற்றூரில் உள்ள துறவிகள் 19-ஆம் நூற்றாண்டு முதல் பீர் வடித்து வருகிறார்கள். 2005-இல் பல நாட்டுச் சுவைஞர்கள் அதையே உலகின் தலைசிறந்த பீர் என்று மதிப்பிட்டார்கள். மடத்து வாசலில் வண்டிகள் வரிசையாய் நின்றன. துறவிகளோ உற்பத்தியைப் பெருக்க மறுத்தார்கள். தங்கள் வாழ்வுக்குப் போதுமான அளவே வடிப்பது அவர்கள் நெறி. உலகின் புகழ்ச்சி அந்த அளவை மாற்றவில்லை.

நம் மதுரையின் வரலாற்றிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 1606-இல் இங்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, இத்தாலியில் திராட்சை இரசத்துக்குப் பேர்போன மொந்தெபுல்சியானோ ஊரைச் சேர்ந்த பிரபுக் குடும்பத்தவர். தாம் யாரிடையே வாழ வந்தாரோ அவர்கள் பொருட்டு, தம் உணவிலிருந்து இறைச்சியையும் இரசத்தையும் நீக்கினார். அவர் கைக்கொண்ட வழிமுறைகளைப் பற்றி அன்றும் இன்றும் மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால், இரசம் தீயது என்று கண்டு அவர் அதை விடவில்லை. நல்லதென்று அறிந்ததையே விட்டார் என்பது எண்ணத்தக்கது. உண்பவர் உண்ணாதவரை இழிவாக எண்ணலாகாது, உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடலாகாது என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியதன் பொருள் இங்கே தெளிவாகிறது.

எனவே, சுவை பற்றிய வாதம் வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பருகுவதைக் கவனித்துப் பருகுவோம். கலப்படத்தைக் கலப்படம் என்றும், நல்லதை நல்லது என்றும் அஞ்சாது சொல்வோம். நல்லதை ஆக்கியவருக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுப்போம். நம் தீர்ப்பு கலயத்தோடு நிற்கட்டும். கலயத்தை ஏந்தியிருக்கும் மனிதரைத் தீர்ப்பிடும் உரிமை நம் நாவுக்கு அளிக்கப்படவில்லை.