வெந்நீர் ஊற்றில் ஓர் உயிர்

காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்பவரானாலும், கம்பத்தில் வாழைத்தார் இறக்குபவரானாலும், 2020லும் 2021லும் கொரோனா சோதனைக்காக மூக்கில் குச்சி விட்டுச் சளி மாதிரி கொடுத்தவர்கள் எங்கோ இருக்கும் ஒரு நுண்ணுயிருக்குக் கடன்பட்டவர்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் அந்த மாதிரிகளைச் சோதித்த பி.சி.ஆர். முறையில் மரபிழையைப் படியெடுக்க ஏறத்தாழ 95 டிகிரிக்குத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டும். தொடக்கத்தில் பயன்படுத்திய நொதி அந்தச் சூட்டில் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போலக் கெட்டுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்த்தாக வேண்டும். 1966இல் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றில் எடுத்த ‘தெர்மஸ் அக்வாட்டிகஸ்’ என்ற பாக்டீரியா 70 டிகிரியில் தழைப்பது. சூட்டைத் தாங்கும் அதன் நொதி வந்த பிறகு, மூடிய குழாயைத் திறக்காமலே முப்பது நாற்பது சுற்றுகளை ஓட்ட முடிந்தது. துணியில் ஏறிய கஞ்சியை அகற்றவும் மாவுச்சத்தைச் சர்க்கரைப் பாகாக்கவும் ஆலைகள் இன்று சூடு தாங்கும் நொதிகளையே நாடுகின்றன.

இதைக் காட்டி, ‘எந்த உயிரையும் அழிய விடாதீர்கள், நாளை அது பயன்படலாம்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அந்த வாதம் தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்கிறது. பிராக் அந்தப் பாக்டீரியாவை அமெரிக்க நுண்ணுயிர்க் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்திருந்தார். பி.சி.ஆர். முறையை உருவாக்கிய சீட்டஸ் நிறுவனம் அதை அங்கிருந்து பெற்றது. பிறகு நொதிக்கான மரபணுவை நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் புகுத்தி உற்பத்தி செய்தார்கள். 1991இல் பி.சி.ஆர். உரிமைகள் 30 கோடி டாலருக்கு ரோஷ் நிறுவனத்துக்குக் கைமாறின. பூங்காவுக்கு அதில் பங்கில்லை. பணத்தை விடுவோம். மரபணு கைக்கு வந்தபின் அந்த ஊற்று நாளையே வற்றினாலும் சந்தைக்கு எந்த நட்டமும் இல்லை. பயனைக் காரணமாக வைத்துக் காத்தால், பயனைப் பிரித்தெடுத்த நாளிலேயே காக்கும் காரணமும் தீர்ந்துபோகிறது. பயன் தராத கோடானுகோடி உயிர்களுக்கோ அந்தக் காரணம் தொடக்கத்திலிருந்தே இல்லை.

உயிரின் மதிப்பை வேறிடத்தில் வைத்தவர்களின் சுவடு இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. காமயகவுண்டன்பட்டிக்கு அருகே உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. அவற்றைச் செதுக்கிய சமணர், நீரிலும் நெருப்பிலும் மண்ணிலும் தொடு உணர்வு மட்டுமே உள்ள உயிர்கள் இருப்பதாகக் கொண்டார்கள். ஓருடலில் எண்ணற்றவையாக வாழும் ‘நிகோதம்’ என்ற நுண்ணிய உயிர்களையும் சொன்னார்கள். வெப்பம் விரும்பும் பாக்டீரியாவை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு; அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை, அவர்கள் சொன்னது உயிரியலும் இல்லை. நான் எடுத்துக்கொள்வது அவர்களுடைய அற நிலையை. ஓர் உயிரைப் பொருட்படுத்துவதற்கு முன் ‘இதனால் என்ன லாபம்’ என்று அவர்கள் கேட்கவில்லை. பிராக்கும் கேட்கவில்லை. எவ்வளவு சூடு வரை உயிர் தாக்குப்பிடிக்கும் என்பதே அவருடைய கேள்வி. நொதி வியாபாரம் அப்போது யார் கனவிலும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அடிச்சாம்பல் நோய் வந்த கொடிக்குப் போர்டோ கலவை தெளிக்கும் விவசாயி நோய்க்கிருமியின் உயிரையும் மதிக்க வேண்டுமா? எல்லா உயிரும் மதிப்புடையது என்றால் சோறு பொங்குவதும் குற்றமாகிவிடாதா? சமணமே இதற்கு விடை தேடியிருக்கிறது: துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். பயிர் செய்வதிலும் சமைப்பதிலும் தவிர்க்க முடியாமல் நேரும் தீங்கை அது வேண்டுமென்றே செய்யும் கொலையிலிருந்து பிரித்துப் பார்த்தது. மதிப்பு உண்டு என்பதால் தீண்டக் கூடாது என்றாகாது. அழிப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். வாழ்வதற்கு அந்த உயிர் காரணம் காட்டத் தேவையில்லை. நொதியை ஆலையில் பயன்படுத்துவதையும் இது தடுக்கவில்லை.

‘பயன் என்று சொல்லாவிட்டால் எந்த அரசு கேட்கும்’ என்பது அடுத்த ஆட்சேபம், இதுதான் வலுவானது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை இதற்கு முன்வைக்கிறேன். சமணப் படுக்கைகளும் தமிழி எழுத்தும் உள்ள அந்தக் குன்றுகளை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்தப் பகுதியையும் உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் தங்கள் கண்மாயையும் வயலையும் பற்றிப் பேசினார்கள், கோயிலையும் குன்றையும் சேர்த்தே பேசினார்கள். அந்தக் குன்றின் உயிர்களிலிருந்து விற்கத்தக்க நொதி கிடைக்கும் என்று அவர்களில் யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.